கதவுப் பக்கமும் கதவு ஃபோல்டரும்

செக்காலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அஜீஸாவின் அலுவலகம். ஒரே அறை, ஒரே கணினி. தட்டச்சு வேலைக்கு வந்தவள், தானாகவே கற்றுக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக ஊர்க் கடைகளுக்கு இணையதளம் அமைத்துப் பராமரித்து வருகிறாள். ஒருமுறை சென்னையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. போயிருக்கலாமோ என்று அன்றைக்குத் தோன்றியது.

அன்று காலை பத்து மணிக்கு மரக்கடை வயிரவன் போனில் கத்தினார். "தங்கச்சி, கதவுப் பக்கம் திறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லைன்னு வருது. என் கடையைப் பாக்க எனக்கே அனுமதி இல்லையா?"

கல்லலிலும் காளையார்கோவிலிலும் அவர் வைத்த போர்டுகளில் க்யூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் அவர் இணையதளத்தில் கதவுகளைக் காட்டும் கதவுப் பக்கம் வரும். எந்த ஊர் போர்டு என்பதும் முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையில் அப்படியொரு பக்கம் சர்வரில் தனியாகக் கிடையாது. 'கதவு', 'சன்னல்' என்று எதைக் கேட்டு வந்தாலும் முதன்மைக் கோப்புக்கு அனுப்பு என்று அஜீஸா ஒரு விதி எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

உள்ளே போய்ப் பார்த்தால், 'கதவு' என்ற பெயரிலேயே புதிதாக ஒரு ஃபோல்டர்.

"அண்ணே, ஃபோல்டர் எதுவும் போட்டீகளா?"

"ஆமா, போட்டோ ஏத்துனேன். நீங்கதான பாஸ்வேர்டு குடுத்தீக?"

"பத்திரமா வச்சுக்கத்தானே குடுத்தேன்!"

நிஜ ஃபோல்டர் இருந்ததால், சர்வர் அவள் விதியை மதிக்காமல் நேரே அங்கே போய் முட்டி நின்றது. பெயரை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அந்தப் படங்களின் முகவரியை ஐம்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாராம். "பேரை மட்டும் மாத்திராதீக."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஃபோல்டர் இருந்தாலும் விதியே செல்லும் என்று திருத்தினாள். பக்கம் வந்தது. கூடவே சர்வர் தானாக முகவரியின் முடிவில் ஒரு சாய்கோட்டைச் சேர்த்து, விதிக்குள் அவள் மறைத்து வைத்திருந்த கோப்புப் பெயரையெல்லாம் வெளியே கொட்டியது. சாய்கோட்டை நிறுத்தினாள். முகவரி சுத்தமானது, ஊர்ப் பெயரைக் காணோம். முகவரியின் வாலையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் மூன்றே எழுத்தை, திருத்தும் அவசரத்தில் அவளே விதியிலிருந்து அழித்திருந்தாள். அதைக் கண்டுபிடிக்க மணி இரண்டரை ஆகிவிட்டது.

"சரியாயிருச்சுண்ணே. இனிமே ஃபோல்டர் போடாதீக."

வயிரவன் குரலைத் தாழ்த்தினார். "சன்னல்னும் ஒண்ணு போட்டுட்டேனே..."

அஜீஸா கண்ணை மூடித் திறந்து, சன்னல் பக்கத்தைத் தட்டினாள். புது விதி அதையும் பார்த்துக்கொண்டது. பக்கம் ஒழுங்காகத் திறந்தது.

"என்ன தங்கச்சி, வருதா?"

"வருது. போனை வைங்கண்ணே, நான் இன்னும் சாப்பிடல."