வாய்க்கரிசிக்குப் போன விதைநெல்

அப்பா வீரையன் இறந்து பதினாறு முடிவதற்குள்ளேயே மதிவதனி கல்லூரிக்கு வந்துவிட்டாள். "கல்நெஞ்சுக்காரி" என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. சொல்பவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் உயிரிப் பொறியியல் முதலாண்டுக்கு மூலக்கூறு உயிரியல் பாடம் எடுப்பது அவள்தான். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, அதிலிருந்து புரதம் என்று பலகையில் அம்புக்குறி போட்டாள். குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

நடந்தது இதுதான். உப்புத் தண்ணீரைத் தாங்கும் ஒரு நெல்லை ஆராய்ச்சிக்காக வருஷக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருந்தாள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குத்தகை நிலத்தின் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி விளைவித்துக் கொடுத்தவர் அப்பா. அந்த விதை முழுக்க ஒரு மஞ்சப்பையில் வீட்டு உத்தரத்தில் தொங்கியது.

வாய்க்கரிசிக்குக் கடை அரிசி ஆகாது, நெல்லைக் குத்தித்தான் எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அம்மா ஈஸ்வரி கைக்கு எட்டியதைக் குத்திவிட்டாள். ஒரு பிடி அள்ளி அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோதுதான், மஞ்சப்பை காலியாகச் சுவரோரம் கிடப்பதை மதிவதனி பார்த்தாள். அரிசியைப் போட்டாள். நகர்ந்து நின்றாள். மனசு மரத்துப்போயிருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், என் விதையை என்ன செய்தாய் என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவே இல்லை.

ஆய்வகக் குளிர்பெட்டியில் அந்த நெல்லின் டிஎன்ஏ ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாற்றா விட முடியும்?

ஐப்பசி மழையில் ஒருநாள் அம்மா போனில் சொன்னாள். "அப்பாவ எரிச்ச எடத்துல நெல்லு முளைச்சிருக்குடி. பச்சுனு நிக்குது."

பால் தெளித்த அன்று அங்கே நவதானியம் தூவியிருந்தார்கள். கடையில் கட்டிக் கொடுக்கும் நவதானியத்திலும் நெல் உண்டு. எவன் வயல் நெல்லோ என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போய் நாலு இலை கிள்ளி வந்தாள்.

மறுநாள் செய்முறை வகுப்பு. மாணவர்களும் அவரவர் ஊர் வயலிலிருந்து நெல் இலை கொண்டுவந்திருந்தார்கள். இலையை அரைத்து, சோப்புக் கரைசலில் செல்லை உடைத்து, குளிர்ந்த ஆல்கஹாலை மேலே விட்டதும் வெள்ளை வெள்ளையாய் நூல் திரண்டது.

"கண்ணுக்கு எல்லா நெல்லும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறுற துண்டுங்களை மட்டும் பிசிஆர்ல பெருக்கி, ஜெல்லுல ஓட்டினா தெரிஞ்சுடும்," என்றாள். குப்பியில் இருந்ததையும் பக்கத்தில் ஓட்டச் சொன்னாள்.

சாயங்காலம் ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தார்கள். கயல்விழி என்ற மாணவி குனிந்து பார்த்தாள்.

"மேடம், நீங்க கொண்டுவந்த இலையும் குப்பியில இருந்ததும் எல்லாப் பட்டையிலயும் ஒரே மட்டத்துல நிக்குது. எந்த வயலுங்க மேடம்?"

மதிவதனி பொறுக்கிச் சேர்த்த அதே நெல்தான். இன்னொரு பிணம் வந்தால் அதே இடத்தில்தான் சிதை அடுக்குவார்கள். அதற்குள் நாற்றைப் பறித்தாக வேண்டும்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனாள். அம்மாவும் கூட வந்தாள். இருவரும் குனிந்து பறித்தார்கள்.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"குத்தாம ஒரு பிடி மிச்சம் வச்சிருந்தேன். தானியத்தோட கலந்து போட்டேன்."

"என் விதைன்னு தெரியாம நீ குத்திட்டன்னு நினைச்சேன்."

ஈஸ்வரி நிமிரவில்லை. "தெரியாம என்ன? மத்த நெல்லெல்லாம் வித்தாச்சு. வீட்ல இருந்தது ரேஷன் அரிசி. அவரு கையால விளைஞ்சது இது ஒண்ணுதான் இருந்துச்சு. ஊரான் நெல்லையா அவரு வாயில போடச் சொல்ற?"

மதிவதனி கையில் நாற்றோடு அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அடக்க முடியவில்லை.

"அழு," என்றாள் அம்மா. "நாத்த மட்டும் இப்படிக் குடு, கசங்கிடப் போவுது."