மண்ணில் கொட்டிய உளுந்து

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. பங்குனி மாதம், சனிக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். அப்போது காரைக்கால் ஓரத்தில் கோவில்பத்தில் குடியிருந்தோம். ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்தது எங்கள் வீட்டு வாசலுக்குத்தான். அதை நிறுத்திவிட்டால் எதிர்வீட்டுக்காரர் தன் பைக்கை வளைத்து வளைத்துத்தான் வெளியே எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் "என்னங்க, மைலேஜ் எவ்வளவு தருது?" என்று கேட்கவும் மறக்க மாட்டார்.

என் கணவருக்கு வண்டி வாங்கத் தெரிந்தது, ஓட்டத்தான் வரவில்லை. கற்றுக்கொள்ளப் போன இடத்தில் ஒரு நாள் வாய்க்காலுக்குள் இறக்கப் பார்த்திருக்கிறார். அதோடு "எனக்கு பைக்கே போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வாங்கிய வண்டி வாசலில் வெயில் காய்வதைப் பொறுக்காமல் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நான் குள்ளம். இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டால்தான் எனக்குச் சாலை தெரியும். ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால் பஸ் டிரைவர்களுக்குச் சமமாக இருக்கிறோம் என்று ஒரு மிதப்பு வரும் பாருங்கள், அதைச் சொல்லி மாளாது. விற்றவர் அடுக்கிய சிறப்புகளில் எனக்குப் பிடித்ததும் அந்த உயரம்தான். சின்னக் கார்கள் வயிற்றை இடித்துக்கொள்ளும் மேடுகளை இது சும்மா தாண்டிப் போகும்.

மாமியாருக்கு மட்டும் வண்டியைக் கண்டாலே ஆகாது. "பொம்பள ஓட்டுற வண்டியில ஏறி நான் எங்க போய்ச் சேர்றது?" என்று சொல்லி ஒரு நாளும் ஏறியதில்லை. நான் சமைக்கும் சாம்பாரிலிருந்து நான் கோலம் போடும் நேரம் வரை எதிலும் அவர் குறை சொல்லாமல் இருந்ததில்லை. அதனால் வண்டி விஷயத்தில் நானும் வற்புறுத்தவில்லை.

அந்த வருடம் மாசியில் அவர் கொல்லையில் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து வலது கால் எலும்பை உடைத்துக்கொண்டார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. காலை மடக்க முடியாது, ஊன்றவும் கூடாது. விழுந்த நேரத்தில் அம்பகரத்தூர் அம்மனுக்கு என்னவோ வேண்டிக்கொண்டிருக்கிறார். கட்டோடு வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாராம். "அவகிட்ட சொன்ன சொல்ல மாத்த முடியாது" என்று ஒற்றைக் காலில் நின்றார். உண்மையிலேயே அப்போது அவருக்கு ஒரு கால்தான்.

அம்பகரத்தூரில் என் நாத்தனார் வீடு. அங்கே இறக்கிவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கணவருக்கு ஆபீசில் கணக்கு முடிக்கிற மாதம், லீவு கிடைக்கவில்லை. ஆட்டோவில் நீட்டிய காலோடு உட்கார முடியாது. கடைசியில் என் வண்டிதான் வழி. அக்கம்பக்கத்து ஆண்கள் தூக்கி நடு சீட்டில் நீளவாக்கில் உட்கார வைத்தார்கள். முதுகு ஒரு கதவில், கால் இன்னொரு கதவை நோக்கி. அத்தை கொஞ்சம் கனத்த உடம்பு. தூக்கியவர்கள் போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு வழியாகப் போவது நடக்காத காரியம். சனீஸ்வரனைப் பார்க்க வந்த கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் நெடுங்காடு சுற்றிப் போனேன். சம்பா அறுப்பு முடிந்து, வயலில் போட்ட உளுந்தையும் பிடுங்கும் சமயம் அது. எங்கள் பக்கத்தில் பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறி உளுந்து உதிர்ந்துவிடும். தனியாகப் போட்டு அடிக்க வேண்டியதில்லை. சின்னக் கார்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். பஸ், லாரி வந்தால் அவர்களுக்கு ஏக குஷி.

நெடுங்காடு தாண்டி ஒரு வாய்க்கால் ஓரம் அப்படிப் பரப்பியிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள். என் வண்டியைப் பார்த்ததும் வா வா என்று கை காட்டினார்கள். ஏற்றிக் கடந்தேன். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு பெண் ஓடிவந்து, "யக்கா, இன்னும் ரெண்டு தடவ இப்புடியே போயிட்டு வாங்கக்கா. பஸ்ஸு வர இன்னும் நேரமிருக்கு" என்றார்.

இந்த ஊரில் என் வண்டியால் ஒருவருக்கு உபயோகம் என்று அன்றுதான் கேட்டேன். விடுவேனா? பின்னால் அத்தை, "கோயிலுக்குக் கெளம்புனியா, கதிரடிக்கக் கெளம்புனியா?" என்று கத்தக் கத்த, முன்னும் பின்னுமாக ஓட்டினேன். பெண்கள் சிரிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். எனக்கோ தேர் ஓட்டுகிற நினைப்பு. காய்ந்த செடி வண்டிக்கு அடியில் போய், சூடான புகைக்குழாயில் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருப்பது மேலே இருந்த எனக்கு எப்படித் தெரியும்?

முடித்துவிட்டு, செடி பரப்பியிருந்ததற்கு அப்பால் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினேன். மோர் தருகிறோம், குடித்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அத்தைக்கு வெயில் ஆகாதே என்று எஞ்சினை அணைக்காமல், ஏசியை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கினேன். மோர்ச் செம்பு கையில் இருக்கும்போதே அத்தை உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டுகிறார். நேரமாகிவிட்டது என்று திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, 'இதோ வருகிறேன்' என்று சைகை காட்டினேன். மறுபடியும் தட்டினார். மறுபடியும் சைகை.

"யக்கா! வண்டிக்கு அடியில பொகையுது!"

திரும்பினால், பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்புகிறது. புகைக்குள்ளே சிவப்பாக ஒரு நாக்கும் தெரிந்தது. உள்ளே நகர முடியாத மனுஷி. ஓடிப்போய் எதிலே கை வைப்பது என்று தெரியாமல், வண்டிக்கு அடியில் தொங்கிய செடியைப் பிடித்து இழுக்கப் போனேன். சட்டை போட்ட அந்தப் பெண் என்னைத் தள்ளிவிட்டு, "எஞ்சின அமத்துங்க மொதல்ல!" என்று அதட்டினார். அந்த அதட்டலில்தான் எனக்கு உயிர் வந்தது. சாவியைத் திருப்பினேன்.

மரத்தடியில் ஒரு படுதா விரித்து, அதில் அவர்கள் தூற்றி எடுத்த உளுந்தைக் குவித்து வைத்திருந்தார்கள். பளபளவென்று சுத்தமான உளுந்து. காலையிலிருந்து அவர்கள் பட்ட பாடு அத்தனையும் அந்தக் குவியல்தான். அதில் ஒரு பங்குதான் அவர்களுக்குக் கூலி. அந்தப் படுதாவின் ஒரு ஓரத்தைப் பிடித்து அந்தப் பெண் ஒரே உதறு உதறினார். அவ்வளவு உளுந்தும் புழுதி மண்ணில் கொட்டியது.

வெறும் படுதாவோடு ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். கதவில் சாய்ந்திருந்த அத்தை அப்படியே பின்னால் சரிய, இரண்டு பேர் தோளைத் தாங்க, ஒருவர் கட்டுப் போட்ட காலை ஏந்த, அவரைப் படுதாவில் இழுத்துப் போட்டு, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் தெரு ஆண்கள் மூச்சு வாங்கத் தூக்கிய உடம்பு அது. மற்றவர்கள் முறத்தோடு வாய்க்காலில் குதித்தார்கள். பங்குனியில் வாய்க்காலில் தண்ணீர் ஏது? மணல்தான் இருந்தது. முறம் முறமாக மணலை அள்ளி வண்டிக்கு அடியில் வீசினார்கள். குடிக்க வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரும் போயிற்று, மோர்ப் பானையும் போயிற்று. ஒருவர் தரையில் படுத்து, அரிவாளால் செடியைக் கொத்துக் கொத்தாக இழுத்து வெளியே தள்ளினார். கொஞ்சம் தள்ளி அவர்களுடைய செடி முழுதும் காய்ந்து கிடந்தது. ஒரு பொறி பறந்திருந்தால் அத்தனையும் சாம்பலாகியிருக்கும். அதை இழுத்து ஒதுக்க ஒருவர்கூட முதலில் ஓடவில்லை.

தீ அடங்கியது. நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். அவரோ, "கண்ணாடிய அந்தத் தட்டுத் தட்டுறேன், நீ மோரு குடிச்சிக்கிட்டு கையாட்டுற" என்றார். பிறகுதான் அவர் பார்வை மண்ணில் கிடந்த உளுந்தின் மேல் விழுந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"அடி பாவிங்களா, இம்மாம் உளுந்தயும் மண்ணுல கொட்டிட்டீங்களே!"

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் சொன்னார்: "உளுந்து கெடக்குது பெரியம்மா, பொறுக்கிக்கலாம். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா யாரக் கேக்குறது?"

அத்தை, "ஒரு மொறத்த இஞ்ச குடு" என்று கை நீட்டினார். மரத்தில் சாய்ந்து, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, புடைக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணாங்கட்டி பொறுக்கினேன். செல்போனில் சொல்லி, நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வரும் வரை அதுதான் எங்களுக்கு வேலை. மணலைப் பிரிப்பது லேசில்லை. புடைத்த பிறகும் உளுந்தோடு நறநறவென்று ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. அந்தப் பெண்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "நாங்கதான ஓட்டச் சொன்னோம், ஒங்களுக்குல்ல வண்டி வீணாப் போச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள்.

வேனில் அத்தையைத் தூக்கி வைத்ததும் அவர்கள்தான். கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு படி உளுந்தை அளந்து என் முந்தானையில் கொட்டினார். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்றேன். "கோயிலுக்குப் போறவங்க வெறுங்கையோட போவக் கூடாதுக்கா" என்றார். அத்தை வேனுக்குள்ளிருந்து, "குடுக்குறத வாங்கிக்கடி" என்றார். வாங்கிக்கொண்டேன். அம்மன் சந்நிதியில் அத்தை கட்டோடு நின்றபோது முந்தானையில் முடிந்த அந்த உளுந்தைத்தான் முதலில் வைத்து, பிரசாதமாகத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

வண்டிக்கு வயர்களும் பின்பக்க டயர் ஒன்றும் போயிருந்தன, நல்லவேளையாக அதோடு போயிற்று. சரியாகி வந்ததும் புடவைகள் வாங்கிக்கொண்டு அதே வாய்க்கால் ஓரம் போனேன். ரோடு வெறிச்சென்று கிடந்தது. உளுந்து வேலை முடிந்துவிட்டது, அவர்கள் எங்கிருந்தோ கூலிக்கு வந்தவர்கள் என்றார் டீக்கடைக்காரர். அடுத்த பங்குனியிலும் தேடினேன். அந்த முகங்கள் கண்ணில் படவே இல்லை.

அத்தைக்குக் கட்டுப் பிரித்த அன்று, பத்திரமாக வைத்திருந்த அந்த உளுந்தை ஊறப்போட்டு வடை சுட்டேன். எத்தனை அலசு அலசியும் மணல் போகவில்லை. முதல் கடியிலேயே என் கணவர் முகம் கோணியது. நான் கண்ணைக் காட்டினேன். சாம்பாரில் ஒரு கல் உப்புக் கூடினாலும் தட்டைத் தள்ளிவிடும் என் மாமியார், நறநறவென்று மென்று விழுங்கிவிட்டு, "இன்னும் ஒண்ணு போடு" என்றார். அதன் பிறகு அவர் இருந்த வரைக்கும் என் வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்னதே இல்லை. இன்றைக்கும் சாப்பாட்டில் எங்காவது மணல் கடிபட்டால் எனக்குத் துப்பத் தோன்றுவதில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண்களை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் விழுங்குகிறேன்.