இரண்டும் வலது காதுத் தோடு

நாற்பத்தொன்பது வயதில் நகை செய்யப் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் பெரியம்மா முதலில் கேட்டது, "ஏட்டி, உனக்குப் பித்தா பிடிச்சிட்டு?" என்று. அது பரவாயில்லை. என் வயதில் புதிதாக எதைச் செய்தாலும் ஊர் அப்படித்தான் கேட்கும். அடுத்த கேள்விதான் சுருக்கென்று தைத்தது. "ஆசாரி வேலைய நம்ம வீட்டுப் பிள்ள செய்யுமா?"

"ஆசாரி செஞ்சத மட்டும் கழுத்து நெறையப் போடலாமாக்கும்?" என்றேன்.

பெரியம்மா தன் சங்கிலியை எடுத்துச் சேலைக்குள் விட்டுக்கொண்டார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பேச்சும் அன்றோடு முடிகிற வழக்கமில்லை.

நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு குற்றாலத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல மூன்று பதில் வைத்திருக்கிறேன், மூன்றும் பொய். எனக்கு ஒரே தங்கை, பெங்களூரில் இருக்கிறாள். அண்ணன் தம்பி கிடையாது. தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆவணியில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவானது. அங்கேதான் வந்தது வில்லங்கம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தோடும் தாய்மாமன் கொண்டுவர வேண்டும். அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் தாய்மாமனுக்கு எங்கே போவது?

"எம் மவன் இல்லையா? அவன் உக்காருவான்," என்றார் பெரியம்மா.

பெரியம்மா மகன் எனக்கு இரண்டு வயது மூத்தவர், முறைக்கு அண்ணன். தென்காசியிலேயே இருக்கிறார். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தபோது அவர் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. வயல் வரப்பில் ஒரு சண்டை, அதனால் வரவில்லை. அப்பா கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நாளும் பக்கத்தில் இருந்து வேளாவேளைக்கு மருந்து கொடுத்தது நான். அந்த அப்பாவின் பேத்தியை அந்த மனிதர் மடியில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. மடி என் மடியாக இருக்க வேண்டும். தோடும் என் தோடாக இருக்க வேண்டும்.

தோட்டைக் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் கடையில் அண்ணனும் வாங்குவார், என்னைவிடப் பெரிதாகவே வாங்குவார். அவரால் முடியாத ஒன்றை நான் செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் குத்துக்கல்வலசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நகை செய்யச் சொல்லித்தருகிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் சொன்னாள்.

சொல்லிக்கொடுத்தவள் செங்கோட்டைப் பெண், இருபத்தாறு வயதிருக்கும். வெளியூரில் நகை டிசைன் படித்துவிட்டு வந்து, ஒரு வீட்டு மாடியில் நான்கு மேஜை போட்டு வகுப்பு நடத்தினாள். அவள் என்னை டீச்சர் என்பாள், நானும் அவளை டீச்சர் என்பேன். ஆனி பிறந்து சாரல் தொடங்கியிருந்த நேரம். ஞாயிறு காலையில் ஊரே குற்றாலத்தை நோக்கி வரும்போது நான் மட்டும் ஸ்கூட்டியில் எதிர்த்திசையில் போவேன். வேன் ஜன்னலுக்கு ஜன்னல் எண்ணெய் தேய்த்த தலைகள். "அருவி அந்தப் பக்கம்க்கா!" என்று ஒருவன் கத்தினான். "எனக்குத் தெரியும், ஓரமாப் போலே!" என்று நானும் கத்தினேன்.

முதல் நாள் செப்புத் தகட்டை அறுக்கக் கொடுத்தாள். நூல் கனத்தில் ஒரு ரம்பம். நான் ஒன்பது ரம்பம் ஒடித்தேன். கையில் பலம் இருந்தால் போதுமென்று நினைத்திருந்தேன். பலத்தைக் காட்டினால் ஒடிகிறது, சும்மா மேலும் கீழும் விட்டால் அறுக்கிறது. இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் அழுத்தி எழுதிய கைக்கு அது லேசில் வரவில்லை.

அடுத்தது பற்றவைப்பு. தங்கத்தையோ வெள்ளியையோ ஒட்டவைக்கிற கலவைக்குப் பொடி என்று பெயர். பொடி வைத்துப் பேசுவதைப் பெரியம்மாவிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். பொடி வைத்து ஊதுவதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். வெண்காரத்தைத் தடவி, பொடியை வைத்து, தீயைக் காட்ட வேண்டும். பொடி உருகுவதற்கும் பொருளே உருகிவிடுவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது. நான் வெள்ளியில் ஒரு சின்ன மாங்காய் செய்து, பின்னால் வைத்த கம்பி கோணலாக இருக்கிறதே என்று திரும்பவும் சூடு காட்டினேன். அரை நாள் அறுத்து அராவிய மாங்காய் கண்ணெதிரே சுருண்டு ஒரு மிளகாகிவிட்டது.

"பேடிக்காதீங்க டீச்சர், எல்லாருக்கும் இப்படி ஆகும்," என்றாள் அவள். பேடிக்காதீங்க என்றால் பயப்படாதீர்கள். செங்கோட்டைக்காரர்கள் பேச்சில் பாதி மலையாளம்.

"பயமில்ல, கோவம்," என்றேன். அந்த மிளகை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஆடி நடுவில் தங்கை போன் செய்தாள். "யக்கா, தோடு நீ செய்யி, எனக்குச் சந்தோசம். ஆனா மடி அண்ணன் மடியா இருக்கட்டும். இவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வாராங்க. சபையில சண்ட வேண்டாம்."

"அப்பா கெடந்த கெடையில அவரு வந்து எட்டிப் பாத்தாராட்டி?"

"அது வேற, இது வேறக்கா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்று போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அழுதேன். எனக்குத் துக்கத்தில் அழுகை வராது, கோபத்தில்தான் வரும். எனக்காக நான் கேட்கிறேன் என்று அவள் நினைத்தாள். அப்பாவுக்காகவும்தான் கேட்டேன். ஆனால் எனக்காகக் கேட்டால்தான் என்ன? பிள்ளை பெறாதவளுக்கு மடியே கிடையாதா?

அடுத்த நாளே பீரோவைத் திறந்து வளையலை எடுத்தேன். என் கல்யாணத்துக்கென்று அப்பா ஒரு ஜோடி செய்து வைத்திருந்தார். ஒன்று தங்கை கல்யாணத்துக்குப் போனது. மற்றது இருபத்தைந்து வருடமாகப் பட்டுத் துணியில் கிடந்தது. 'கல்யாணத்தன்னைக்குப் போடணும்' என்று சொல்லி வைத்ததால் ஒருநாளும் நான் அதைக் கையில் போட்டதில்லை. அதிலிருந்து வெட்டித் தோடு செய்யப் போகிறேன் என்று பெரியம்மா காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வேண்டாம்ட்டி. அது ராசியில்லாத பொன்னு. பச்சப்பிள்ள காதுல போடாத."

ராசியில்லாதது பொன்னா, நானா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி அது. "காப்பி குடிக்கியளா பெரிம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் குடிக்காமல் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளையலை மேஜையில் வைத்து ரம்பத்தை எடுத்தபோது வகுப்பில் எல்லாரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். "டீச்சர், உறுதியாத்தானே?" என்றாள் செங்கோட்டைப் பெண். நான் அறுக்க ஆரம்பித்தேன். ரம்பம் ஒடியவே இல்லை. கட்டைவிரல் நகத்தளவு ஒரு துண்டு விழுந்தது. வெட்டிய வாய் இரண்டையும் கையைக் கிழிக்காதபடி அரம் போட்டு மழுக்கி, வளையலை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. வாய் திறந்த வளையல். நன்றாகத்தான் இருந்தது.

துண்டை உருக்கினேன், தட்டினேன், பாதியைத் தகடாக்கினேன், மீதியைக் கம்பியாக இழுத்தேன். பிஸ்கட் அட்டையில் மாங்காய் வரைந்து வெட்டி, அதைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு மாங்காய் அறுத்தேன். பின்னால் கம்பியைப் பற்றவைத்தேன். கம்பி முனையை ஊசிபோல அராவச் சொன்னாள் அவள். புதிதாகக் குத்துகிற காதுக்குத் தோட்டின் முனையேதான் ஊசி, முனை மழுங்கினால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு வலிக்கும் என்றாள். அந்த முனைக்கு மட்டும் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டேன். என் புறங்கையில் குத்திக் குத்திப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து மெருகேற்றியபின் அவள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர்... ரெண்டும் வலது காதுக்குல்லா இருக்கு."

மாங்காய்க்கு மூக்கு உண்டு. இரண்டு காதிலும் மூக்கு முகத்தைப் பார்த்து வளைய வேண்டும். அதற்கு ஒரு மாங்காயை அட்டையைத் திருப்பிப் போட்டு வரைந்திருக்க வேண்டும். நான் திருப்பவில்லை. வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சமச்சீர் நடத்துகிறவள், கண்ணாடியில் வலது இடதாகும் என்று கத்திக் கத்திச் சொல்கிறவள், இரண்டு வலது காது செய்து வைத்திருக்கிறேன். கம்பியைப் பிரித்து மறுபக்கம் பற்றவைக்கலாம் என்றாள் அவள். எனக்குப் பர்ஸிலிருந்த மிளகு ஞாபகம் வந்தது. காதுகுத்துக்கு இன்னும் நான்கு நாள்தான்.

"இருக்கட்டும்," என்றேன்.

எங்கள் சாஸ்தா கோயில் ஆய்க்குடி தாண்டித் தோப்புக்குள் இருக்கிறது. நான் பொங்கல் பானையோடு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பட்டு வேட்டியில் பலகையில் உட்கார்ந்திருந்தார். மொட்டையில் சந்தனம் பூசிய பிள்ளை அவர் மடியில். முன்னால் தட்டில் பழம், துணி, சிவப்பு நகைப் பெட்டி. தங்கை என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தாள்.

காது குத்த வந்த ஆசாரி பெட்டியைத் திறந்தார். கல் வைத்த தோடு பளபளவென்று இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்தார்.

"அண்ணாச்சி, இது திருகாணித் தோடுல்லா. இதுக்கு முனையே இல்லையே. ஓட்ட இருந்தா மாட்டலாம், இதால ஓட்ட போட முடியாது. கம்பித் தோடு கொண்டாரலையா?"

"கடையில பிள்ளைக்குன்னுதான கேட்டு வாங்குனேன்," என்றார் அண்ணன். நாலு பக்கமும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ என்னமோ செஞ்சிருக்கியாம்லா. அத இங்கன குடு. நேரம் போகுது."

கையை நீட்டினார். பென்சில் கேட்கிற மாதிரி சர்வசாதாரணமாக நீட்டினார். தோட்டை என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன்," என்றேன். "தோடு வேணும்னா மடியும் என்னதுதான். தோட்ட மட்டும் குடுத்துட்டு ஓரமா நிக்க நான் வரல."

சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் செருமினார். "பொம்பள தாய்மாமனா? எந்த ஊருலட்டி இருக்கு?" என்றார் பெரியம்மா.

"இந்த ஊருலதான் பெரிம்மா. இன்னையிலருந்து."

அப்புறம் தங்கை குனிந்தாள். "அண்ணே, பிள்ளைய இங்க குடுங்க," என்றாள். சொன்னதோடு கையையும் நீட்டிவிட்டாள். அண்ணன் எழுந்தார், வேட்டியை உதறிக்கொண்டு நகர்ந்தார். தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கெட்டியாப் பிடிச்சுக்கோக்கா," என்றாள்.

ஆசாரி என் தோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "யாரு செஞ்சது?"

"நான்தான்."

"பொடி கூடிப் போச்சு," என்றார். முனையை விரலில் தொட்டுப் பார்த்தார். "பிரியாது. முனை நல்லாருக்கு. மாமன் யாரு? பிள்ள தலைய அணைச்சுப் பிடிக்கச் சொல்லுங்க."

"நான்தான்," என்றேன் மறுபடியும்.

அவர் முனையைக் காதில் வைத்தார். குத்தினார். பிள்ளை வீறிட்டது. தலையைத் திருப்பி மறுகாதும் குத்தி முடித்ததும் பெரியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எது தப்பும்?

"ஏட்டி, இடது காதுல மாங்கா மூக்கு பின்னாலல்லா பாக்குது?"

"பாக்கட்டும் பெரிம்மா. ஒண்ணு முன்னால போற பாதையப் பாக்கும். இன்னொண்ணு பின்னால நின்னு பேசுதவங்களப் பாக்கும்."

ஆசாரி மீசைக்குள் சிரித்தார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. "சரிட்டி, உன் இஷ்டப்படி எல்லாம் ஆயிட்டு. பிள்ளைய இப்பமாவது அண்ணன்ட்ட குடு. முறைக்கு ஒரு போட்டோவாவது எடுக்கட்டும்," என்றார்.

பிள்ளை இன்னும் விம்மிக்கொண்டிருந்தது. அந்த அழுகையில் எப்போதோ என் மணிக்கட்டைப் பற்றியிருக்கிறது. வளையலில் நான் வெட்டிய இடைவெளிக்குள் அதன் ஆள்காட்டி விரல் நுழைந்து, கொக்கி போட்டு மாட்டிக்கொண்டிருந்தது.

"அவகிட்டயே கேளுங்க பெரிம்மா," என்றேன். "விட்டாள்னா குடுக்கேன்."

அண்ணன் வந்து கையை நீட்டினார். அவள் விடவில்லை.