ஆவியில் பிடித்த மின்சாரம்

முதலாளியின் சுட்டுவிரலுக்கும் அந்தத் தகர டப்பாவுக்கும் நடுவே நீலமாய் ஒரு பொறி பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவரும் பார்த்தார். 'ஆ' என்று கையை உதறிக்கொண்டார். அதற்குப் பிறகும் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐம்பதுகளில் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழ் டீச்சராக இருந்தேன். சயின்ஸ் டீச்சரும் நானும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த அம்மா மதுரைக்காரர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். மளிகைக்கடைத் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தனக்கு லாபமாகச் சாய்ந்திருந்தாலும் சரி, கடைக்காரரிடம் சொல்லாமல் நகரமாட்டார். அவரோடு கடைவீதிக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

எங்கள் பள்ளி ஆயாவின் கணவர் ஒரு ஜீப்பு ஷெட்டில் வேலை பார்த்தார். போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளும் லோடும் ஏற்றிப்போகிற ஜீப்புகள் அந்த முதலாளிக்கு நிறைய இருந்தன. எஞ்சினில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ, பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த, நீராவி பீய்ச்சும் ஒரு பாய்லரும் வைத்திருந்தார். நல்ல பங்குனி வெயிலில் ஒருநாள், காலி பெட்ரோல் டிரம் ஒன்றை வெட்டித் தொட்டியாக்க வேண்டும், அதற்கு முன்னால் உள்ளே ஆவி அடித்துச் சுத்தம் செய் என்று ஆயாவின் கணவரிடம் சொன்னார்கள். பழைய டயர் மேல் டிரம்மை நிறுத்தி, குழாயை உள்ளே விட்டு ஆவியைத் திறந்திருக்கிறார். டிரம் வெடித்தது. அவருடைய இரண்டு கண்ணும் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பீடிய வாயில வச்சுக்கிட்டு பெட்ரோல் டிரம்மக் கழுவுனா வெடிக்காம என்ன செய்யும்?" என்றார் முதலாளி. கடைவீதி முழுக்க அதையே திருப்பிச் சொன்னது. அவர் பீடி குடிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. வேலையிலிருந்து நீக்கினார்கள், வைத்தியத்துக்கும் கைவிரித்தார்கள்.

நாங்கள் பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பி, "அன்னைக்கு நான் பத்தவைக்கல டீச்சர். வேற நாளு குடிச்சிருக்கேன். அன்னைக்கு இல்ல" என்றார்.

சயின்ஸ் டீச்சர் டயரைப் பற்றிக் கேட்டார். பக்கத்தில் இரும்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இரும்பு மேசை ஒன்று இருந்ததாம், டிரம்முக்கு விரற்கடை தள்ளி.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினார். பாய்ந்து வரும் ஆவியில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் இருக்கின்றன. குழாய் வாயில் உரசிக்கொண்டு வெளியேறும்போது அவற்றில் மின்சாரம் ஏறிவிடும். டிரம் அந்த மின்சாரத்தை வாங்கிச் சேர்த்துவைக்கும். கீழே டயர் இருப்பதால் அது மண்ணுக்குள் இறங்க வழியில்லை. இரும்பு மேசைக்குத் தாவும்போது பொறி பறக்கும். ஆவி உள்ளிருந்து வெளியே தள்ளும் பெட்ரோல் வாடை அந்தப் பொறியில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

பள்ளியில் கெட்டிலை வைத்துச் செய்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை, ஆவிக்கு வேகம் போதவில்லை. நேரே முதலாளியிடம் போய் அந்தப் பாய்லரையே கேட்டார். ஒரு பொம்பளை அவமானப்பட்டுத் திரும்புவதைப் பார்க்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைவீதிப் பெரிய மனிதர்கள் சிலரையும் கூட்டிவைத்துச் சம்மதித்தார்.

தகர டப்பா ஒன்றின் முகத்தில் மின்சாரத்தை வாங்க ஊசிகளை வரிசையாக ஈயத்தால் பற்றவைத்து, டயருக்குப் பதிலாக ஒரு மெழுகுப் பாளத்தின் மேல் நிறுத்தினார் டீச்சர். ஆவியைத் திறந்து ஊசிகளின் மேல் பாயவிட்டார்கள். ஷெட்டு முழுக்க வெள்ளையாய்ப் புகைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத் தொட்டுப் பாருங்கய்யா" என்றார் டீச்சர். அப்போதுதான் அந்தப் பொறி.

முதலாளி விரலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "பள்ளிக்கூடத்து வித்தையெல்லாம் இங்க கொண்டாந்துட்டீகளே டீச்சர். அவன் பீடி குடிக்கிறவன். அம்புட்டுத்தான். வெரசாப் போயி உங்க சோலியப் பாருங்க." பெரிய மனிதர்களும் சிரித்தார்கள்.

அதோடு நின்றிருந்தால், புரியாத மனிதர் என்று விட்டிருப்பேன். அடுத்த வாரமே ஷெட்டு வழியாக நடந்து வந்தபோது டீச்சர் சட்டென்று நின்றார். உள்ளே ஒரு டிரம்முக்கு ஆவி அடித்துக்கொண்டிருந்தார்கள். டயரைக் காணோம். டிரம்மில் ஓர் இரும்புச் சங்கிலி கட்டி, அதன் மறுமுனையை ஈர மண்ணில் அடித்த கடப்பாரையில் மாட்டியிருந்தார்கள்.

"மொதலாளி உத்தரவு டீச்சர். சங்கிலி இல்லாம ஆவியத் தெறக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார் மெக்கானிக்.

டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனார். நானும் ஓடினேன். "இந்தச் சங்கிலி எதுக்குங்கய்யா?" என்று அத்தனை வேலையாட்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"எதுலருந்து பாதுகாப்பு? பீடியிலருந்தா?"

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு மெக்கானிக்கை வேலையைப் பார்க்கச் சொன்னார். வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மனிதருக்குத்தான் எல்லாம் புரிந்திருந்தது. தன் ஷெட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குப் புரிந்திருந்தது. கண்ணை இழந்தவனின் பெயரைக் காப்பாற்ற மட்டும் அதே உண்மை வித்தையாகிவிட்டது. தெரியாமல் செய்த தவறை மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது?

எங்கள் பள்ளிக் கமிட்டியிலும் முதலாளி இருந்தார். மறு ஆண்டு சயின்ஸ் டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு அவரை மதுரை பஸ்சில் ஏற்றிவிட்டேன். அவர் அழவில்லை. "நிரூபிச்சாச்சு. அதுக்கு மேல என்ன செய்யணும்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடலையே" என்றார்.

ஆயாவின் கணவர் சொந்த ஊரான சிலமலைக்கே திரும்பிப் போய்விட்டார். 'பீடியில ஷெட்டக் கொளுத்துனவன்' என்ற பேரும் கூடவே போனது. சில வருஷம் கழித்து அவர் இறந்தபோது நான் போயிருந்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ம்ஹும், ஒரு பீடிக்கு ரெண்டு கண்ணக் குடுத்த மனுசன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிணம் கிடக்கிற வீடு என்றுகூடப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். ஆவியை, டயரை, சங்கிலியை, எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் யாரோ, "இப்ப எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்று என்னை அடக்கப் பார்த்தார்கள்.

கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். மொதல்லருந்து சொல்லுங்க. அந்தா, தெருவுல நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

நான் எழுந்து நின்றேன். முதலிலிருந்து சொன்னேன்.