டிராமில் பாடிய ஞானப்பாட்டு

இன்று காலை ராயபுரம் போகும் டிராமில் ஏறினேன். பாதி இருக்கைகள் காலி. நாலு வருஷமாக நடக்கும் சீமைச் சண்டையே இன்னும் ஓயவில்லை, அதற்குள் இந்த விஷக் காய்ச்சல். ஊரே வீட்டுக்குள் படுத்துக் கிடக்கிறது.

எதிரே ஒரு பெண், மடியில் மருந்துப் புட்டியோடு, மெல்லிய குரலில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளுக்கு முன் என் மனைவி எஸ்தரை அடக்கம் செய்தபோது பாடிய அதே பாட்டு.

என்னால் பொறுக்க முடியவில்லை. "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை.

"வூட்டுக்காரரு மூணு நாளா காய்ச்சல்ல கெடக்குறாரு, ஐயா. பாடாத இருந்தா அவரு இருமுறதுதான் காதுல கேட்டுகினே கீது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பாடும்மா" என்றேன்.

இரண்டாம் சரணத்தில் என் குரலும் சேர்ந்துகொண்டது. அடக்கத்தன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்தபோது, கர்த்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் மனம் அடங்கியிருந்தது.

மூன்றாம் சரணம் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. முதலிலிருந்தே மறுபடியும் பாடினோம்.

அவள் இறங்கிய தெருமுனையில் சாவு வண்டி நின்றிருந்தது. "எங்க வூட்டுக்கு வந்ததா இருக்காது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பாடியபடியே உள்ளே நடந்தாள். டிராம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்திலிருந்து எனக்குத் தொண்டை கரகரக்கிறது. வெகுநாள் கழித்துப் பாடியதால்தான் இருக்கும். மூன்றாம் சரணம் தெரிந்த நண்பர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே எழுதி அனுப்புங்கள்.