மேட்டுப் பாதையில் கராத்தே மாஸ்டர்

இன்று காலை கராத்தே வகுப்பில் சேரப் போனேன். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயரைக்கூடக் கேட்காமல், இந்தி கலந்து அக்கா என்று கூப்பிட்டார்.

"தீதி, பஹ்லே, முதல்ல வெயிட்டக் குறைங்க. மூணு மாசம் ஓடி, உடம்ப ஃபிட்டாக்கிட்டு அப்புறம் வாங்க. இது விளையாட்டு இல்ல."

சேர வந்திருந்த மற்றவர்கள் சிரித்தார்கள்.

மதியம் போட் வந்தது. எங்கள் குட்டித் தீவான லாங் ஐலண்டில் அவரவர் சாமானை அவரவர்தான் படகுத்துறையிலிருந்து சுமந்து வர வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மேடேறினேன்.

பாதி வழியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அதே போட்டில் வகுப்புக்கு வரவழைத்த, தரையில் விரிக்கும் மேட் கட்டு பக்கத்தில் கிடந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"தீதி, ஒரு பக்கம் கொஞ்சம் புடிக்கிறீங்களா? ப்ளீஸ்."

நான் மூட்டையை இறக்கவில்லை.

"பஹ்லே மூணு மாசம் ஓடிட்டு வாங்க, மாஸ்டர். இது விளையாட்டு இல்ல."

கட்டு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறதாம். இரக்கப்பட்டு யாராவது தூக்கிக் கொடுத்திருந்தால் கமெண்டில் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே அன்ஃபிரண்ட் செய்துவிடுகிறேன்.