கோட்டின் மேல் இருந்த குச்சி

எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆய்வக உதவியாளர் எனக்குச் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. மற்ற பிள்ளைகளுக்கு அவர் 'எண்ணு அக்கா'. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "எண்ணியாச்சா?" என்று கேட்பதால் வந்த பெயர் அது.

சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பதும் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும்தான் அவருடைய வேலை. பாடம் நடத்தும் வேலை அவருக்கு இல்லை. ஆனால் ஆய்வகத்தின் பின்னறை முழுக்க அவருடைய ராஜ்ஜியம். ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் இருக்கும். ஒன்றில் சிவப்பு பாட்டில் மூடிகள், ஒன்றில் நீல மூடிகள், இன்னொன்றில் உடைந்த பேனாக்கள், பல் துலக்கும் பிரஷ்கள். எல்லாம் கடற்கரையில் பொறுக்கியவை. சாயங்கால வெயில் அவற்றின் வழியாக விழும்போது சித்தியின் வெள்ளைக் கோட்டில் நிறங்கள் நீந்தும். அங்கே நின்றால் தண்ணீருக்குள் நிற்பது போலிருக்கும். பள்ளி மணிகூட எங்கோ ஆழத்தில் அடிப்பது போலத்தான் கேட்கும்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போவோம். முன்பெல்லாம் அள்ளுவோம், மூட்டை கட்டுவோம், மூட்டைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். சித்தி கூட வர ஆரம்பித்த பிறகுதான் கயிறு வந்தது. பத்தடிக்குப் பத்தடி மணலில் கயிறு கட்டிக் கட்டம் பிரிப்பார். கட்டத்துக்கு ஓர் எண், இரண்டு பேர். ஒருவர் பொறுக்க, மற்றவர் தாளில் எழுத வேண்டும். எது, எத்தனை என்று எழுதாமல் எதையும் மூட்டையில் போடக் கூடாது.

"எதுக்குக்கா இவ்வளவு எழுத்து? குப்பைக்கு ஜாதகமா பாக்கப் போறோம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாடி, ஜாதகம்தான். எங்க பொறந்துச்சுன்னு தெரிஞ்சாதானே அங்க போய் நிறுத்தச் சொல்ல முடியும்?"

நான் ஒன்பதாவது படித்த வருடம் அது. அந்தச் சனிக்கிழமை காலையில் கடலும் வானமும் ஒரே பாலாகக் கலந்து கிடந்தன. பத்தடி தள்ளி நிற்பவர் பாதி கரைந்து தெரிந்தார். யாரும் சத்தமாகப் பேசவில்லை. சித்தியின் குரல் மட்டும் அந்த வெண்மைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது: "கடல்ல விளையாத எதையும் விடாதீங்க. எண்ணிப் போடுங்க."

விடவில்லை. அதுதான் வினை.

பனி கலைந்தபோது ஆமைக் காவலர் வந்தார். கரையேறி முட்டையிடும் ஆமைகளைக் கவனிக்க அவரை வேலைக்கு வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். முகம் செத்துப்போனது.

"குச்சியெல்லாம் எங்க?"

"எந்தக் குச்சிண்ணே?" என்றார் சித்தி.

"நீலக் கயிறு கட்டி நட்டு வச்சிருந்தேனேம்மா! ஒவ்வொரு குச்சிக்கும் கீழ ஒரு குழி முட்டை இருக்கு. மொத்தம் ஏழு."

கரையொதுங்கிய வலைக்கயிற்றை அறுத்து, கரையொதுங்கிய குச்சிகளிலேயே அவர் கட்டியிருந்தார். எங்கள் கண்ணுக்கு அது குப்பைதான். ஏழும் மூட்டைக்குள் கிடந்தன. ஆமை வந்துபோன தடத்தை எப்போதோ காற்று அழித்துவிட்டது.

அதே நேரம் டிராக்டர் வந்தது. நாங்கள் போன பிறகு மணலைச் சமன் செய்வது அதன் வேலை. பின்னால் முள் பலகை, ஆள் உயரச் சக்கரம். ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமலே எட்டிப் பார்த்தார்.

"குச்சி இருந்தா ஒதுங்கிப் போவேன். இல்லாட்டி எதைப் பாத்து ஒதுங்குறது? பதினோரு மணிக்கு அடுத்த கரையில நிக்கணும்மா எனக்கு."

சித்தி மூட்டையைப் பார்த்தார். "நான்தான் விடாதீங்கன்னு சொன்னேன்" என்று தனக்குள்ளேயே முனகினார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

"எல்லாரும் தாளைக் கொண்டாங்க!"

இருபது தாள்களையும் மணலில் பரப்பி, பறக்காமல் சிப்பி வைத்தோம். சித்தி விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனார். மூன்றாம் கட்டம்: பால் கவர் நாலு, இடது கால் செருப்பு ஒன்று, நீலக் கயிறு கட்டிய குச்சி ஒன்று. ஏழாம் கட்டம், குச்சி ஒன்று. எட்டு. பதினாலில் இரண்டு. பத்தொன்பது.

"கட்டத்தையே விட்டுட்டுப் போறேன், அவ்வளவுதானே?" என்று ஓட்டுநர் கியரில் கை வைத்தார்.

"நில்லுங்க. ஆறுதான் வருது."

ஏழாவது எந்தத் தாளிலும் இல்லை. "முழுக் கரையையும் விட முடியாதும்மா" என்றார் ஓட்டுநர். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. சித்தி எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தோம்.

"எழுதாம போட்டவங்க யாரா இருந்தாலும் பரவாயில்ல. இடம் மட்டும் சொன்னா போதும்."

ஆறாம் வகுப்புக் 'குண்டூசி' மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"எழுதலாம்னுதான்க்கா பாத்தேன். அது கயித்துக்கு நேர் கீழ இருந்துச்சு. பதினொண்ணா, பன்னெண்டான்னு தெரியல. தப்பா எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

காவலர் பெருமூச்சு விட்டார். ஓட்டுநர் சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணை நீதிபதியாக்குங்கம்மா!"

"ரெண்டையும் விட்டுடுங்க" என்றார் சித்தி. சொன்னதும் மணலில் உட்கார்ந்தார். குண்டூசியை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார்.

டிராக்டர் போன பிறகு கரை சீவிய தலை போல இருந்தது. நடுவில் ஏழு கட்டங்கள் மட்டும் கலைந்த முடியாக நின்றன. ஒரு மாதத்துக்கு மேல் அவற்றைத் தாண்டும்போதெல்லாம் தூங்கும் குழந்தையின் அறைக்கு வெளியே நடப்பது போல நடந்தோம்.

ஒரு விடியலில் காவலர் ஆள் அனுப்பினார். நாங்கள் போனபோது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மணல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கொதிப்பது போல அசைந்தது, குழிந்தது. உள்ளங்கை கொள்ளாத கறுப்புக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வெளியே வந்தன. வெளிச்சம் விழுந்த தண்ணீரை நோக்கித் துடுப்பு போட்டபடி நகர்ந்தன. குண்டூசி முழங்காலிட்டு உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலு. சித்தி அன்று எண்ணவே இல்லை. வாயைத் திறந்தபடி சும்மா நின்றார்.

அடுத்த மாதத் தாளில் இரண்டு வரி புதிதாக இருந்தன. மேலே: 'குச்சி தெரிந்தால் தொடாதே, கூப்பிடு.' கீழே, கட்ட எண்களுக்குப் பக்கத்தில்: 'கோட்டின் மேல் இருந்தவை.'